முப்பத்தாறு வோல்ட் வண்டி

அறுபதுகளின் நடுவில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பேட்டரி கடை வைத்திருந்தேன். லாரி பேட்டரி, கார் பேட்டரி, மைக்செட்காரர்களின் பேட்டரி எல்லாம் சார்ஜுக்கு வரும். திராவகம் பட்டு ஓட்டை விழாத சட்டை என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. என் மனைவியின் அண்ணன் சிதம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் நான் கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"மாப்ள, கடைய சாத்து. எங்க ஊர்ல ஒரு வண்டி வந்து நிக்குது. பெட்ரோலு கெடயாது, டீசலு கெடயாது. ஆறு பேட்டரி, ஒரு மோட்டாரு, அவ்ளோதான். பேட்டரி உன் பாடு, மோட்டாரு என் பாடு. கெளம்பு."

"பேட்டரியில ஓடுற வண்டியா? காலங்காத்தால வெளயாடாதீங்க மச்சான்."

"வந்துதான் பாரேன்."

வோல்ட் மீட்டரையும், திராவகத்தின் கெட்டி பார்க்கும் கண்ணாடிக் குழாயையும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஆறு பேட்டரி ஒரு மனிதனை இழுக்குமா? சிதம்பரம் போய்ச் சேரும்வரை மனம் அதையே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வழியில் மச்சான் விவரம் சொன்னார். பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் ஒரு ஜவுளிக்கடை பாய். அவர் மனைவிக்கு நான்கு வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் விழுந்துவிட்டன. நாற்காலியோடு தூக்கிப் போகிறோம் என்றால் அந்த அம்மா சம்மதிப்பதில்லை. தெருவே பார்க்க நாலு பேர் தூக்கிப்போக நான் என்ன மூட்டையா என்று கேட்டாராம். அன்றிலிருந்து வாசல் தாண்டியதில்லை. பினாங்கில் இருந்த அந்த அம்மாவின் அண்ணன், அங்கே வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் பந்தடிக்கும் கிளப் ஒன்று கழித்துப்போட்ட வண்டியை வாங்கிக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பாய் வீட்டுக் கொல்லையில் அது நின்றது. பாலாடை நிறம், நாலு குட்டிச் சக்கரம், இருவர் உட்காரும் மெத்தை, மேலே கித்தான் கூரை. மெத்தையைத் தூக்கினேன். ஆறு வோல்ட் பேட்டரிகள் ஆறு, வரிசையாகக் கோத்திருந்தன. ஆறாறு முப்பத்தாறு! ஆனால் மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே தகடெல்லாம் காய்ந்து கிடந்தது. முனைகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தது.

ஜன்னல் ஓரம் கட்டிலில் அமர்ந்திருந்த பாயின் மனைவி கேட்டார்: "தம்பி, உசுரு இருக்கா அதுக்கு?"

"இருக்குக்கா. தாகத்துல மயங்கிக் கெடக்குது" என்றேன். சிரித்தார்.

ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து முனைகளைக் கழுவினேன். ஆறையும் பஸ் கூரையில் ஏற்றிக் கடலூர் கொண்டுபோய், காய்ச்சிய தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் நிதானமாகச் சார்ஜ் ஏற்றினேன். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், கைக்காவலாக இன்னொரு ஆறு வோல்ட் பேட்டரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சிதம்பரம் திரும்பினேன்.

எல்லாவற்றையும் பொருத்தினோம். பாய் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பி, காலால் மிதித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி அசையவில்லை. மறுபடி மிதித்தார். மறுபடி 'டக்'.

மச்சான் உதட்டைப் பிதுக்கினார். "மோட்டாரு எரிஞ்சிருக்கு. கழட்டிக் காயில் கட்டணும்."

"அவசரப்படாதீங்க மச்சான். டக்குன்னு சத்தம் வருதுன்னா சுவிட்சு வரைக்கும் கரண்டு போவுதுன்னு அர்த்தம்."

பாயை இறங்கச் சொல்லிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கிச் செங்கல் அடுக்கினோம். சக்கரம் இரண்டும் அந்தரத்தில். நானே குனிந்து மிதியைக் கையால் அழுத்தினேன். சக்கரங்கள் சுற்றின! மூன்று பேரும் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக்காரர்கள் மதில்மேல் தலையை நீட்டினார்கள். ஆனால் செங்கல்லை எடுத்துவிட்டுப் பாய் உட்கார்ந்தால் பழையபடி 'டக்'.

அப்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது. சும்மா இருக்கும்போது எல்லா பேட்டரியும் ஆறு வோல்ட் காட்டும். பாரம் ஏறும்போதுதான் யோக்கியதை தெரியும். மெத்தையைக் கழற்றிவிட்டு, பாயை நின்றபடியே மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக மீட்டரை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றுமே கொஞ்சம் இறங்கி நின்றன. நாலாவதில் வைத்ததும் முள் சரிந்து இரண்டில் விழுந்தது.

"புடிச்சிட்டேன்!" என்று நான் குதித்ததில் மண்டை கித்தான் கூரைக் கம்பியில் இடித்தது. வலிகூடத் தெரியவில்லை.

கைக்காவல் பேட்டரியை அந்த இடத்தில் வைத்தேன். பாய் மிதித்தார். வண்டி நகர்ந்தது. பத்தடி போயிருக்கும், வெட்டி வெட்டி இழுத்து, அடியிலிருந்து பொறி பறந்து, கருகல் நாற்றம் வந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தள்ளு மாப்ள. இது என் பாடு."

மோட்டாரைத் திறந்தார். உள்ளே கரித்துண்டுகளைப் பிடிக்கும் கூடு கடல் காற்றில் துரு ஏறி, அவை இருந்த இடத்திலேயே இறுகியிருந்தன. கரித்துண்டுகள் உரச வேண்டிய செப்பு வளையம் அடுப்புக்கரியாக இருந்தது. வழவழ உப்புத்தாளால் அவர் அந்த வளையத்தைத் தேய்க்கத் தேய்க்கச் செம்பு பளபளத்தது. தன் பையிலிருந்த பெரிய மோட்டார் கரித்துண்டை அராவி, அளவு பார்த்துச் செருகினார். மூடி முடுக்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

பாய் பிஸ்மி சொல்லி மிதித்தார். வண்டி அம்பாகப் பாய்ந்தது, பின்பக்கமாக! ஒரு வாழை மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

"ஒண்ணுமில்ல பாய், பேட்டரி வயரு மாறியிருக்கும்" என்று நான் இரண்டையும் மாற்றிப் போட்டேன். பாய் மிதித்தார். இன்னொரு வாழையும் போயிற்று.

மச்சான் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மாப்ள, இந்த மாதிரி மோட்டாருல அதை மாத்தினா எல்லாமே சேந்துதான் மாறும், தெசை மாறாது. சுத்துற காயிலுக்குப் போற ரெண்டு வயர மட்டும் மாத்தணும். தப்பு என்னுது. முடுக்குறப்ப மாத்தி முடுக்கிட்டேன்."

சரிசெய்தார். வண்டி முன்னால் போனது. கொல்லையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பாய் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார். "ஏறுறியா?"

உள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "அதைக் காலால இல்ல மிதிக்கணும்?"

நாங்கள் மூன்று பேரும் குனிந்து மிதியைப் பார்த்தோம். மூன்று நாளாக அந்த மிதியைத் தொட்டும் அழுத்தியும் பார்த்தவர்கள் நாங்கள். அனுப்பிய அண்ணனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"மொத நாளே பாத்துட்டேன் தம்பி" என்றார் அவர். "நீங்க ஆசையா வேல பாக்குறீங்க. மொதல்ல ஓடட்டும்னு சொல்லாம இருந்தேன்."

பாய், "நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு" என்றார். அந்த அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "அதுக்கு நாற்காலியே போதுமே."

மச்சான் எழுந்தார். "அக்கா, பொழுது சாயறதுக்குள்ள வரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பட்டறையிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகளை வளைத்துக் கொண்டுவந்தார். வலது கைக்கு ஒரு கம்பி. அழுத்தினால் மிதி இறங்கும், கையை எடுத்தால் சுருள்வில் அதைத் தூக்கிவிடும். இடது பக்கம் பிரேக்குக்கு இன்னொன்று; ஓடும்போது இடது கை ஸ்டியரிங்கில் இருக்கும். பிடிக்கு சைக்கிள் ரப்பர் மாட்டியிருந்தார். நான் அதில் உட்கார்ந்து, காலைச் சம்மணமிட்டு மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். ஓடியது, நின்றது.

பாயே மனைவியைத் தூக்கிவந்து உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு துப்பட்டியால் இருக்கையோடு கட்டினார். பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஆட்கள் வரும் நேரம். கொல்லைக் கதவு வழியாக வண்டி தெருவுக்கு வந்தது.

"மெதுவா, மெதுவா" என்று பாய் பக்கத்திலேயே நடந்தார்.

அந்த அம்மா கம்பியை முழுக்க அழுத்திவிட்டார்.

பாய் ஓட, மச்சான் ஓட, கையில் மீட்டரோடு நான் ஓட, தெருவே ஒதுங்கி நின்றது. ஒரு மாட்டுவண்டிக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தார். சத்தமே இல்லாமல் ஒரு வண்டி, அதை ஓட்டுவது முக்காடு போட்ட ஒரு பெண். மூன்றாவது தெருவில் அவருடைய தங்கை வீடு. வாசலில் பிரேக்கை இழுத்து நிறுத்தி, "அடியே, வெளிய வா!" என்று கூப்பிட்டார். தங்கை ஈரக்கையோடு ஓடிவந்து, அக்காவின் கையையும் அந்தக் கம்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு மூச்சு வாங்கியது. மச்சான் மதில் பக்கம் திரும்பிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அடுத்த மாதம் பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கப் போனேன். வீட்டில் வண்டியும் இல்லை, அவரும் இல்லை. பாய் மட்டும்தான் இருந்தார்.

"அவ கடைத்தெருவுக்குப் போயிட்டா. சார்ஜு உங்க மச்சான் பட்டறையில ஏத்திக்கறோம். தண்ணியெல்லாம் அவளே ஊத்திடறா, தம்பி. போன வாரம் வண்டி நின்னுபோச்சு. நான் உங்களுக்குக் கடுதாசி போடறேன்னேன். அவ பக்கத்துல நாற்காலியில உக்காந்துகிட்டு, மெத்தையத் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு முனையா ஆட்டிப் பாத்து, லூசா இருந்ததக் கண்டுபுடிச்சிட்டா. ஸ்பேனரு மட்டும்தான் நான் புடிச்சேன்" என்றார்.