மூன்று கை பரோட்டா மாஸ்டர்

என் அத்தை எழுதிய கதைகள் பதினொன்று. பத்திரிகைக்கு அனுப்பியது மூன்று. அச்சில் வந்தது ஒன்றே ஒன்று. மற்றப் பத்தையும் இன்றைக்கு எடுத்து வாசித்தாலும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. தலை நரைத்தவள் தனியாக உட்கார்ந்து சிரிப்பதை வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அச்சில் வந்த அந்த ஒன்றை மட்டும் நான் எடுத்துப் பார்ப்பதில்லை.

அத்தை ஏழாவதோடு நின்றவள். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒரு சுக்குக் கிடங்கில் நாள் முழுக்கச் சுளகில் புடைத்து, சுக்கை ரகம் பிரிப்பது அவள் வேலை. விஞ்ஞானம் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்ச் சாயாக் கடை ரேடியோவில் காதில் விழுந்ததுதான். ஆனால் அந்தத் தலைக்குள் என்னவெல்லாம் ஓடியது என்கிறீர்கள்! ஒரு யட்சி ரேஷன் கார்டு கேட்டு வருவாள், கால் தரையில் படவில்லை என்று ஆபீசர் மனுவைத் திருப்பிவிடுவார். எதிரே வைப்பின் தீவுக்குப் போகிற படகு வழி தவறிச் சந்திரனுக்குப் போய்ச் சேரும், அங்கேயும் கரையேறுவதற்கு வரிசையில் நிற்கச் சொல்வார்கள்.

அமெரிக்காக்காரன் வானத்தில் விட்ட ஸ்கைலாப் விண்கூடம் உடைந்து தலையில் விழப்போகிறது என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்த வருஷத்தில்தான் இந்தக் கிறுக்கு ஆரம்பித்தது. எங்கள் சந்தில் ஒரு குடும்பம், எப்படியும் சாகத்தானே போகிறோம் என்று வளர்த்த கோழிகளையெல்லாம் அடித்துத் தின்றுவிட்டது. ஸ்கைலாப் வேறெங்கோ போய் விழுந்து தொலைந்தது. கோழி போனது போனதுதான். அத்தை அதை ஒரு கதையாகக் கட்டினாள். ஸ்கைலாப் கிடங்குக் கூரையைப் பிய்த்துக்கொண்டு சுக்குக் குவியலில் விழுகிறது. முதலாளி பதறி ஓடிவந்து, முழுசு ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் என்று ரகம் பிரிக்கச் சொல்கிறார். அமெரிக்காக்காரன் தேடிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அது மூட்டை கட்டி, முத்திரை குத்தி, முதல்தரச் சுக்காக அமெரிக்காவுக்கே கப்பலேறிவிட்டது.

அவள் கதை கட்டும் முறையே தனி. முதலில் கிடங்கில் வேலைக்கு நடுவே வாயால் சொல்வாள். சுற்றி இருபது பெண்கள், தமிழும் மலையாளமுமாக. சிரிப்பு வந்தால் சுளகு தானாக நின்றுவிடும், மேஸ்திரி அங்கிருந்து கத்துவார். எந்தெந்த இடத்தில் மேஸ்திரி கத்தினார் என்று அத்தை மனதில் குறித்துக்கொள்வாள். அந்த இடங்கள் கதையில் நிற்கும். மேஸ்திரி சும்மா இருந்த இடங்களை ஈவு இரக்கம் இல்லாமல் வெட்டி எறிவாள். அப்புறம்தான் எழுதுவாள்.

எழுதுவதிலும் ஒரு கூத்து உண்டு. தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அத்தைக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆகவே தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதினாள். மலையாளிக்குக் கொடுத்தால் வாசிப்பான், பாதி புரியாது. தமிழ்நாட்டுக்காரனுக்குப் புரியும், வாசிக்க வராது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் நான்தான். திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் அம்மா, தொடையில் கிள்ளிக் கிள்ளி எனக்குத் தமிழ் எழுத்தைப் படிய வைத்திருந்தாள். பத்து வயதில் நான் அத்தையின் கதைகளைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி, தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்பும் ஆபீசர் ஆனேன். அம்மா பிழை திருத்துவாள்.

இவ்வளவு பாடு படுவதை விட்டுவிட்டு மலையாளத்திலேயே எழுதினால் இங்கேயே போடுவார்களே என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"அவுகளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதுல்லா, மதினி" என்றாள் அத்தை.

அவுக என்றால் மாமா, அத்தையின் கணவர். தேனிப் பக்கத்து ஆள். படகுத்துறைக்கு அருகே ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அந்த மெட்ராஸ் வாரப் பத்திரிகையை வாங்கி வந்து, அத்தைக்கு அட்டை முதல் அட்டை வரை வாசித்துக் காட்டுவார். நகைச்சுவை வரப்போகிறதென்றால் வாசிப்பதற்கு முன்பே தான் சிரித்துவிடுவார், வாசகம் காதில் விழாது. அத்தை மறுபடி வாசிக்கச் சொல்வாள், மறுபடியும் சிரிப்பார். அப்புறம் சேலத்தில் புது ஹோட்டல், ஒரு வாரத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினார். நாலைந்து கடிதம் வந்தது, பிறகு நின்றது. நாங்கள் போட்டவை அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பின. அப்பா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் பேச்சையே இனி வீட்டில் எடுக்கக்கூடாது என்றார். எடுக்கவில்லை. ஆனால் அத்தைக்கு ஒன்று மட்டும் நிச்சயம். எந்த ஊரில் இருந்தாலும் அந்த மனிதர் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையை வாங்காமல் இருக்கமாட்டார்.

ஆக, கதை அந்தப் பத்திரிகையில் வந்தாக வேண்டும். அத்தையின் பெயரை அச்சில் பார்த்தால் மாமா அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார். இது நானே கண்டுபிடித்து வைத்திருந்த கணக்கு. முதல் கதை 'வருந்துகிறோம்' என்ற அச்சுச் சீட்டோடு திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. தபால்காரரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது கதையை அத்தை கிடங்கில் சொன்ன அன்று பள்ளிக்கூட விடுமுறை, நானும் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒரு கிரகத்திலிருந்து மூன்று கை உள்ள ஓர் ஆள் மட்டாஞ்சேரியில் வந்து இறங்குகிறான். போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் ஹோட்டல்காரர் பிடித்துவிடுகிறார். இரண்டு கையால் மாவை வீசிக்கொண்டே மூன்றாவது கையால் சால்னா ஊற்றுகிறவன் வேறெங்கே கிடைப்பான்! எங்கள் சந்துப் பெண் ஒருத்தியை அவன் கட்டிக்கொள்கிறான். மாலை மாற்றும்போது மூன்றாவது கையை எங்கே வைப்பது என்று பூசாரிக்கே குழப்பம். சுளகுகள் நின்றன, மேஸ்திரி கத்தினார். பிறகு அவன் ஒரு வாரத்தில் திரும்புகிறேன் என்று தன் கிரகத்துக்குப் போகிறான். அங்கே ஒரு வாரம் என்பது இங்கே எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. அவள் கடிதம் போடப் போனால், பின்கோடு இல்லாமல் வான மண்டலத்துக்குத் தபால் எடுப்பதில்லை என்கிறார் குமாஸ்தா. அதற்கும் கத்தினார் மேஸ்திரி.

கடைசியில் அவன் வருகிறான். சந்து முனையில், நடு மத்தியானத்தில், மூன்று கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தலைகுனிந்து நிற்கிறான். ஊரே வேடிக்கை பார்க்கிறது. அவள் வெளியே வந்து பார்க்கிறாள். எங்கே போனாய், ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை இல்லை. "வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க" என்கிறாள். அவ்வளவுதான் கதை.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுளகுகள் எல்லாம் நின்றுதான் இருந்தன, ஆனால் சிரிப்பு இல்லை. எல்லோருக்கும் மூத்த மலையாளச் சேச்சி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். சுக்குத் தூசி என்று நினைத்தேன். மேஸ்திரிகூடக் கத்தவில்லை, வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கோ பகீரென்றது. கதை படுத்துவிட்டது! அத்தையின் சொந்தச் சட்டப்படி வெட்டி எறிய வேண்டிய இடம் அது. ஆனால் அவள் எழுதிக் கொடுத்தபோது அந்த முடிவு அப்படியே இருந்தது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒழுங்காகவே முழுவதையும் படியெடுத்தேன். அம்மா பிழை திருத்தினாள். உறையில் போட்டு ஒட்டச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். தபாலாபீசுக்குப் போகிற வழியில் எனக்கு மனசு கேட்கவில்லை. இப்படியே போனால் இதுவும் திரும்பி வரும். மூன்று தடவை திரும்பினால் அத்தை எழுதுவதை விட்டுவிடுவாள், மாமாவும் வரமாட்டார். பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து, கடைசித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் நானே ஒரு முடிவு எழுதினேன். அவள் விளக்குமாற்றோடு வெளியே வருகிறாள். மூன்று கைக்கும் மும்மூன்று அடி. அவன் அலறிக்கொண்டு ராக்கெட்டில் ஏறுகிறான், ராக்கெட் கிளம்ப மறுக்கிறது. சந்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுவதுபோல் தள்ளிவிடுகிறார்கள். "இனி இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்திராத!" என்று அவள் கத்துவதோடு கதை முடிகிறது. எழுதி முடித்துவிட்டு நானே சிரித்தேன். உறையை ஒட்டித் தபாலில் போட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, கதை தேறிவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பத்திரிகை தபாலில் வந்தது. அத்தையின் பெயர், கொட்டை எழுத்தில்! பக்கத்திலேயே மூன்று கைக்காரனின் படம். அம்மா பார்த்து முடிக்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிடங்குக்கு ஓடினேன். மத்தியானச் சோற்று நேரம், பெண்கள் பாத்திரத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினாள். தனக்கு வாசிக்கத் தெரியாத தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"வாசி ஏட்டி, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள்.

மூட்டைமேல் ஏறி நின்று வாசித்தேன். பூசாரிக்குச் சிரித்தார்கள், பின்கோடுக்குச் சிரித்தார்கள். விளக்குமாறு வந்ததும் பாருங்கள், கிடங்கே அதிர்ந்தது. ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. மேஸ்திரி சோற்று நேரம் என்பதையும் மறந்து கத்தினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மூத்த சேச்சி மட்டும் சிரிக்காமல் அத்தையைப் பார்த்தாள். "அன்னு நீ பறஞ்ஞது இங்ஙனெயல்லல்லோடீ" என்றாள். அன்றைக்கு நீ சொன்னது இப்படி இல்லையே என்கிறாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். மறைக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நான்தான் எழுதினேன் என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. யாரும் சிரிக்காத முடிவை எப்படி அனுப்புவது, அதனால்தான் மாற்றினேன், மாற்றினதால்தான் போட்டிருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அத்தை சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. என்னை மூட்டையிலிருந்து இறக்கி, கலைந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "நல்லா எழுதியிருக்க ஏட்டி. ராக்கெட்டத் தள்ளி விடுறது எனக்கே தோணலியே" என்றாள். சுற்றி இருந்தவர்களிடமும் என் மருமவ கெட்டிக்காரி என்றாள். இன்றுவரை என்னை யாரும் அந்த மாதிரிப் பாராட்டியதில்லை. எத்தனை பெரிய மனசு அது என்பது எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவன் என் பொருளை உடைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நின்ற அன்றுதான் உறைத்தது.

பெண்கள் பாத்திரம் கழுவ எழுந்து போனார்கள். அத்தை பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எல்லாப் புஸ்தகத்துலயும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

அச்சடிப்பது எப்படி என்றுகூடத் தெரியாத அத்தையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாத்துலயும் இதேதான் அத்தை. மெட்ராசு, சேலம், தேனி, எங்க வாங்குனாலும் ஒரு எழுத்து மாறாது" என்று அடித்துச் சொன்னேன்.

சரி என்று தலையாட்டினாள். பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே சுளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வீட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடி, சந்தோஷத்தில் அத்தைக்குச் சோறுகூட இறங்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.