குப்பியில் நுரை

பெயிண்ட் கடையில் இருபது வருடமாக டப்பா குலுக்கிக் குலுக்கியே கலர் கலப்பவரின் வலது தோள் நைந்துபோயிருந்தது. அது தேற, டாக்டர் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையோடு தசையை ஆற்றும் பெப்டைட் ஊசியும் எழுதித் தந்தார். நர்ஸாக இருக்கும் தங்கை, ஊசிமருந்துக் குப்பிக்குள் இருந்த பொடியில் தண்ணீரை ஏற்றி ஜன்னலோரம் வைத்தாள்.

“தண்ணி எவ்வளவு விடறோமோ, அதைப் பொறுத்துதாண்ணா சிரிஞ்சுல எத்தனை கோடுங்கற கணக்கு. தானா கரையட்டும், நுரை கட்டினா மருந்து கெட்டுடும், தொடாதீங்க.”

நம்ம கலர் கணக்குத்தானே என்று அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. அவள் கை கழுவப் போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் பொடி மேகம்போலக் கலைந்துகொண்டிருந்தது. இதில் ஒரு சொட்டு நீலம் விட்டால் விடியற்கால வானம் வருமே என்று எங்கோ மிதந்துபோனார்.

அவள் திரும்பி வந்து பார்த்தால், குப்பி முழுக்க நுரை.

“குலுக்குனீங்களா?”

“பழக்கதோஷம்மா.”

“எந்தக் கையால?”

அப்போதுதான் தோள் வலித்தது.