நிழலில் எழுதிய எழுத்து

அது யுத்த காலம். திருத்தணி மலைப்படியோரம் நான் கற்பூரமும் தேங்காயும் விற்றுக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் மகள் எழுத்தை மறந்துவிடுவாளோ என்று எனக்கு ஒரே கவலை. சிலேட்டு உடைந்துவிட்டது; காகிதமும் கிடைக்கவில்லை. ஒரு சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்து, கடை எதிரே புளியமர நிழல் விழும் படிகளில் எழுதச் சொன்னேன். நிழல் முழுக்க எழுதி நிரப்பினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உச்சிவெயிலில் ஒரு கூலிக்காரப் பெண், குழந்தைக்கு மொட்டையடிக்க ஏறி வந்தாள். நிழலை விட்டுவிட்டு, கொதிக்கும் கல்லில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தாள்.

“ஏம்மா வெயில்ல நடந்துகினு போற? நெழல்ல வாயேன்.”

“எழுத்து கீதுங்களே. மிதிச்சா என் புள்ளைக்குப் படிப்பு வருமா?”

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“எனக்கு எங்கங்க!” என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை. நானும் மகளும் தண்ணீர் ஊற்றிப் படிகளைக் கழுவினோம்.

மொட்டைத்தலைக் குழந்தையோடு அவள் இறங்கி வந்தபோதும் வெயில் தணியவில்லை.

“அழிச்சிட்டோம்மா, நெழல்லயே வா” என்றேன்.

“ஆங்” என்றாள். ஆனாலும் அந்த இடம் வந்ததும் வெயில் பக்கம் ஒதுங்கியே இறங்கிப் போனாள்.

ஒரு விடுமுறைக்குள் எழுத்து மறந்துபோகும் என்று பயந்தவன் நான். எழுத்தே அறியாத அவளுக்கு, அழித்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.