ஊசி முடியும்வரை மச்சமில்லை

எங்கள் நாய்க்குப் புற்றுநோய் என்று மிருக வைத்தியர் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. தெரு நாய்களிடமிருந்து தொற்றுகிற வகை இது, கிழமைக்கு ஒன்றாக ஆறு ஊசி போட்டால் சுகமாகிவிடும் என்றார் அந்த இளம் பெண் வைத்தியர். "ஆனா அவன் ஒழுங்காச் சாப்பிடவேணும். எடை குறைஞ்சால் ஊசி போட ஏலாது." புற்றுநோயாம், சுகமாகுமாம், ஊசி போடாவிட்டால் தப்பமாட்டானாம். எதை நம்புவது, எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் அவனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலையூற்றுக்குத் திரும்பினேன்.

அன்று பின்னேரமே அம்மன் கோவிலுக்குப் போய் நேர்த்தி வைத்தேன். ஊசி முடியும்வரை என் வீட்டில் மீனோ இறைச்சியோ, மச்சம் எதுவும் சமைப்பதில்லை. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார் ஐயர். நாயின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவது? வாயில் வந்தது என் கணவருடைய பெயரும் நட்சத்திரமும்தான். வீட்டில் சொன்னபோது, "அப்ப ஊசி அவனுக்கு, சுகம் எனக்கோ?" என்றார். அவருக்கென்ன, சீனன்குடாவில் வேலை. மத்தியானம் அங்கேயே மீன் குழம்போடு ஒரு பிடி பிடித்துவிட்டு வருவார்.

மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரை எங்கள் வாசல் படலையில் நிற்கவேண்டாம் என்று மறித்துவிட்டேன். மச்சச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தேன். முதல் ஊசி போட்ட அன்று நாய் தின்றதையெல்லாம் இரண்டு தரம் சத்தி எடுத்தான். மருந்து அதிலும் மூத்திரத்திலும் இறங்கும், கையுறை போட்டுத்தான் கழுவவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் கையில் படக்கூடாத ஒன்றை அவன் இரத்தத்தில் ஏற்றச் சொல்லி நானே கூட்டிக்கொண்டு போகிறேனே என்று முற்றத்தில் குந்தியிருந்து யோசித்தேன். நான் செய்வது நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு அவன் சாப்பாட்டில் வாயே வைக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். பருப்பும் சோறும் குழைத்து வைப்பேன். மணந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். ஊசியின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஊசி போட்டாயிற்று. நான்காவதற்குப் போனபோது தராசில் இரண்டு கிலோ குறைந்திருந்தான்.

"இண்டைக்குப் போட ஏலாது," என்றார் வைத்தியர். "கட்டி சுருங்கியிருக்கு, ஆனா முழுசாப் போகேல்லை. இதோட விட்டால் திரும்ப வளரும். அடுத்த கிழமைக்குள்ள எடை ஏறவேணும். என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள்?"

"சோறும் பருப்பும்."

"முந்தியும் அதுதானோ?"

"இல்லை. முந்தி ஒவ்வொரு நாளும் மீன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நேர்த்திக் கதையை நான் எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அவன் பிழைக்க நான் பிடித்த விரதம் அவனைப் பட்டினி போட்டிருக்கிறது. அல்லது மருந்துதான் பசியைக் கெடுத்ததோ? அம்மனுக்குச் சொன்னதை மீறி, கட்டி வளர்ந்துவிட்டால்? மீறாமல், ஊசி நின்றுவிட்டால்? "ரெண்டு சூடை மீனை அவிச்சுக் குடுமன், அம்மன் கோவிக்கமாட்டா," என்றார் கணவர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அர்ச்சனை உங்கட பேரிலை. நேர்த்தி பிழைச்சால் தண்டனையும் உங்களுக்குத்தான்," என்றேன். 

அடுத்த நாள் எனக்கு ஒரு வழி தட்டுப்பட்டது. என் வீட்டில் என்றுதானே நேர்ந்தேன்? அடுத்த வீட்டுக்காரி வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள், நல்ல பிள்ளை. அவளிடம் போய், அவள் குசினியில் அவனுக்கு மீன் அவித்து அங்கேயே வைக்க ஏலுமா என்று கேட்டேன்.

"இதென்ன கதை அக்கா, தாராளமா. மீன்காரர் இஞ்சதானே நிக்கிறார்," என்றாள்.

அங்கே அவன் தின்றான். ஊசிக்கு மறுநாள் மட்டும் அவள் வைத்த மீனையும் அவன் தொடவில்லை. அப்படியென்றால் மருந்தும் ஒரு காரணம், நானும் ஒரு காரணம். எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எடை ஏறியது, மிச்ச மூன்று ஊசியும் போட்டாயிற்று. கடைசி நாள் வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு, கட்டி இல்லை என்றார். ஓட்டோவில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

அடுத்த நாள் மச்சச் சட்டியை நிமிர்த்தினேன். உப்பு மட்டும் போட்டுச் சூடை அவித்து, முள் எடுத்து, தட்டோடு படலைக்கு வந்து கூப்பிட்டேன். அவன் அடுத்த வீட்டு விறாந்தையில் படுத்திருந்தான். "போடா, அம்மா கூப்பிடுறா," என்று அவள் கலைத்துவிட்டாள். அவளுக்குச் சங்கடம்.

படலைவரை வந்தான். தட்டைப் பார்க்கவில்லை. மற்றக் கையைப் பார்த்தான். கிழமைக்கு ஒரு தரம் சங்கிலியைக் கொளுவி அவனை ஓட்டோவில் ஏற்றிய கை அது. வெறுங்கைதான் என்று விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பிப் போய் அவள் விறாந்தையில் படுத்துக்கொண்டான்.

அம்மனை நான் குறைசொல்ல ஏலாது. அவன் பிழைக்கவேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். என்னோடு இருக்கவேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.