இரண்டாவது சிரட்டை அரிசி

அரிசிப் பானையின் அடியில் தேங்காய்ச் சிரட்டை உரசும் சத்தம் இன்றைக்கும் என் பல்லைக் கூசவைக்கும். எங்கள் வீட்டுக்கும் ஞானம் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர்தான், அதனால் விடிந்ததும் அத்தை அரிசி அளக்கிற சத்தம் எங்கள் அடுக்களைக்குள்ளேயே அளக்கிற மாதிரி கேட்கும். ஒரு தரம் உரசும், கொஞ்சம் நிற்கும், பிறகு இரண்டாம் தரம் உரசும், அந்த இரண்டாவது சத்தம் வந்ததும் என் அம்மா கைவேலையை விட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். ஏனென்றால் அந்த வீட்டில் இருந்தது அத்தை ஒருத்திதான்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். மீன் பிடிக்கப் போன மாமாவும் அவருடைய கூட்டாளி சூசை அண்ணாச்சியும் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் மாட்டிக்கொண்டார்கள்; கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி சூசை அண்ணாச்சி மட்டும் கரை சேர்ந்தார். மாமாவை எந்தக் கரையும் திருப்பித் தரவில்லை. உடம்பு வராதவரை எங்கள் தெருவில் யாரையும் செத்துப்போனார் என்று சொல்லமாட்டார்கள், "கடல்ல நிக்காரு" என்றுதான் சொல்வார்கள். சின்னப் பிள்ளையான நான் அதை அப்படியே நம்பி, இருட்டுகிற நேரத்தில் கடலோரம் போனால், மார்பளவு தண்ணீரில் நம்மைப் பார்த்து அசையாமல் நிற்கிற மாமாவைத் தேடுவேன், தெரிந்துவிடுமோ என்று பயந்து கண்ணை மூடிக்கொள்வேன்.

கடலில் நிற்கிறவருக்குக் கோயிலில் செத்தவர் பூசை வைக்கக்கூடாது, தாலியைக் கழற்றக்கூடாது, அவர் பங்குச் சோற்றையும் நிறுத்தக்கூடாது. அத்தை இரண்டு சிரட்டை அரிசி போட்டுப் பொங்கி, குழம்பில் நல்ல மீன் கண்டமாகப் பார்த்து மாமா தட்டில் எடுத்து மூடி வைத்துவிட்டு, தான் குழம்புத் தண்ணியை ஊற்றிச் சாப்பிடுவாள். அந்தத் தட்டை மறுநாள் காலையில் திறந்து, நீர் விட்டுப்போன சோற்றையும் சூடாக்கிய கறியையும் தானே தின்பாள். "ஒரு பருக்கையாவது வீணாக்குதேனா, நீயே பாரு" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்வாள். வீணாகவில்லைதான். ஆனால் ஒருத்தி வாழ வேண்டிய வீட்டில் இரண்டு பேர் அரிசிக்கே காசெல்லாம் போனதால் கீரையோ காயோ அந்த வாசலுக்குள் வந்ததில்லை, அத்தைக்குப் பல் ஈறில் ரத்தம் வந்தது, கால் வீங்கியது, கன்னம் ஒட்டிப்போய் முகத்தில் கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மயினி, ஒரு சிரட்டை போடுங்க போதும். மிச்ச காசுக்கு ஒரு கட்டு முருங்கக்கீரை வாங்கி, சூடா ஆக்கித் தின்னுங்க" என்று அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சுவாள்.

"அளவக் கொறச்சா அவருக்குத் தெரிஞ்சிரும்ளா" என்பாள் அத்தை, உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாக.

சூசை அண்ணாச்சியும் அந்தக் கணக்கை விடவில்லை. வள்ளம் வரும்போதெல்லாம் மாமாவின் பங்கில் கறிக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். காற்றே இல்லாத ஒரு வெக்கை நாளில் அவர் ஒரு சூரை மீனைக் கொண்டுவந்தார். வெட்டினால் ரத்தச் சிவப்பாக இருக்கும், வெயில் பட்டால் சீக்கிரம் கெடும் மீன் அது. "இது ரொம்ப நேரம் வெயில்ல கெடந்தது மயினி, இன்னைக்கே தின்னு தீத்துருங்க. அண்ணனுக்கு எடுத்து வைக்கத எனக்குப் போடுங்க, கடல்ல பாத்தா நான் அவர்ட்ட சொல்லிக்கிடுதேன்" என்று சிரித்தார். வாசலில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை.

"போலே, ஒம் பங்கு ஒனக்கு, அவரு பங்கு அவருக்கு" என்று அத்தை மீனை வாங்கி உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் முதல் சத்தமே வரவில்லை. அம்மா அடுப்பு முன்னால் அப்படியே நின்றாள், பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அத்தை சுவரில் சாய்ந்து கிடந்தாள்; முகமும் கழுத்தும் தீயில் வாட்டின மாதிரி சிவந்து, உதடு தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எதிரில் மாமாவின் தட்டு, கண்டம் இருந்த இடம் காலியாக.

"நாக்குல எறும்பு கடிச்ச மாதிரி சுரீர்னு இருந்துச்சி. அப்பவே தெரிஞ்சிது. கொட்ட மனசு வரல, அவருக்கு வச்சதுளா" என்றாள் அத்தை, மூச்சுக்கு நடுவில்.

பெரிய ஆசுபத்திரியில் அத்தை பிழைத்தாள், அது மாதா செய்த உதவி என்றே இன்றும் நான் சொல்வேன். கெட்டுப்போன சூரையை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது என்றும், இந்த உடம்பு இன்னொரு தரம் தாங்காது என்றும் டாக்டர் சொன்னதை அம்மா அத்தையிடம் மறைக்காமல் சொன்னாள். அத்தை ஜெபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடியலில் சிரட்டை உரசியது. அம்மா நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்க் காத்திருந்தாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி களைகிற தண்ணீர்ச் சத்தம் வந்தது. இரண்டாவது உரசல் வரவே இல்லை.

அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எழுந்தாள். யாரும் யாருக்கும் சொல்லிவிடாமலே, வெயில் ஏறுவதற்குள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அத்தையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், சூசை அண்ணாச்சி வாசலைத் தாண்டி உள்ளே வர முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடுவில் அடுப்பில் ஒரு ஆள் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றுதான் என் மாமா செத்தார்.

அதன் பிறகு அத்தை வெகுகாலம் இருந்தாள். தன் ஒரு வயிற்றுக்குச் சாளையோ நெத்திலியோ ஒரு கை வாங்குவாள், கூடினால் உப்புப் போட்டுக் காயவைப்பாள், பூசணிக்காயைப் பக்கத்து வீட்டோடு பாதியாக அறுத்துக்கொள்வாள், கீரைத் தண்டையும் விடாமல் பருப்பில் போடுவாள், எல்லாவற்றையும் சூடாகத் தின்பாள். கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்து சாப்பிடுவாள், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது அந்த மண்சுவர் இல்லை, கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. கரைக்கு வரும் மீன் நேரே லாரியில் ஏறிவிடுகிறது, யார் வீட்டுக்கும் யாரும் பங்கு கொண்டுபோவதில்லை. பிள்ளைகள் வெளியூரில். என் வீட்டுக்காரர் விசைப்படகில் தங்குகடலுக்குப் போனால் வர நாளாகும், அதுவரை நானும் ஒருத்திக்குத்தான் பொங்குகிறேன். ஒரு டம்ளர் அரிசி, ஒரு கைக் கீரை, இரண்டு சின்ன மீன். எதையும் குப்பையில் கொட்டியதில்லை, நேற்றையதைத் தின்று உடம்பைக் கெடுத்ததும் இல்லை. அவர் வந்தால் வந்த பிறகு உலை வைத்துக்கொள்ளலாம், ஆண்டவர் கொண்டுவந்து சேர்ப்பார் என்று இருந்துவிடுவேன்.

நேற்று துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். முந்தாநாள் முதல் அவர் போன் அடிக்கவில்லை. படகுக்காரர் வீட்டில் கேட்டால், "வந்துருவாங்க, டவர் கெடச்சிருக்காது" என்கிறார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்று காலை மாதா படத்துக்கு விளக்கேற்றிவிட்டு அரிசி எடுக்கப் போனேன். ஒரு டம்ளர் அள்ளிப் பாத்திரத்தில் போட்டேன். மூடியை எடுத்து மூட வேண்டியதுதான். டம்ளர் மறுபடியும் டின்னுக்குள் போய் அடியில் உரசியது, சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை.