சோளக்காட்டில் விழுந்து எழும்பின நாள்

நான் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது என் மகளுக்கு நாலு வயது. அவள் பிறந்ததை நான் பார்க்கவில்லை. மனைவி வயிற்றில் பிள்ளையோடு முதலில் வந்துவிட்டாள். ஊரில் சண்டை, எனக்கு வழி திறக்க அவ்வளவு காலம் எடுத்தது. அதுவரை மகளோடு நான் பேசியதெல்லாம் ரெலிபோனில்தான். அதனால் அவளைப் பொறுத்தவரை அப்பா என்றால் ரெலிபோனுக்குள் இருக்கிற ஒரு குரல். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குச் சூட்கேசோடு வந்து இறங்கிய மீசைக்காரன் வேறு ஆள். வீட்டுக்கு வருகிற ஆம்பிளைகள் எல்லாரும் அவளுக்கு அங்கிள். நானும் அங்கிள் ஆனேன்.

"அங்கிள் இல்லைச் செல்லம், அப்பா எண்டு சொல்லு," என்பாள் மனைவி.

மகள் மரியாதையாகத் தலையாட்டுவாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்கிள், நீங்க எப்ப உங்கட வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்பாள்.

நான் சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பேன்.

ஒக்டோபரில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளைப் பூசணித் தோட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போக ஏற்பாடாயிற்று. கூடப் போவதற்குப் பெற்றோர் சிலர் தேவைப்பட்டார்கள். மனைவிக்கு வேலையிடத்தில் லீவு கிடைக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றாள்.

"எனக்கு இங்கிலிஷ் வராதே."

"அங்க ஆர் உங்களிட்டப் பேச்சுக் கேக்கப்போகினம்? உவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்தாக் காணும்."

அன்று காலை பனிப்புகார் மூடியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் பஸ்ஸின் விளக்குகள் மட்டும் தெரிந்தன. ரீச்சர் வயதானவர், உயரமான வெள்ளைக்காரி. என்னைக் காட்டி மகளிடம் ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதில் எனக்கே விளங்கியது. இவர் எங்கட வீட்டில இருக்கிறவர். ரீச்சர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, கை தந்து, பஸ்ஸில் ஏறச் சொன்னார்.

அந்த நாட்களில் எனக்கு நித்திரையும் விழிப்பும் இன்னும் சரியாகப் பிரியவில்லை. யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டு போனேன். மில்லிக்கன் பக்கத்துக் கடைத்தொகுதிகள் புகாருக்குள் இருந்து வந்து புகாருக்குள்ளேயே போயின. மார்க்கம் நகரில் பாதி கட்டின வீடுகள், கூரை இல்லாமல். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வெள்ளை மட்டும்தான். இடைக்கிடை ஒரு மரம் முழுதாகச் சிவந்து தனியே நின்றது. பிள்ளைகள் எனக்குத் தெரியாத பாட்டொன்றைப் பாடினார்கள். மகளும் பாடினாள். பாட்டின் நடுவே ஒரு தரம் என் பக்கம் பார்த்து, நான் பாடவில்லை என்று கண்டுகொண்டு, மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோட்டத்தில் ட்ரக்டர் இழுத்த வண்டியில் வைக்கோல் கட்டுகளுக்கு மேல் எங்களை ஏற்றினார்கள். சில்லுகள் சேற்றில் சத்தமில்லாமல் உருண்டன. இரண்டு பக்கமும் நிலத்தில் பூசணிக்காய்கள் கிடந்தன. கொடிகள் காய்ந்து கறுத்திருந்தன. புகாருக்குள் கிட்டப் போகும்வரை காய் எது, குனிந்து நிற்கிற பிள்ளை எது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. எல்லாமே செம்மஞ்சளாக, ஈரமாக இருந்தன. மகள் தன் கைக்கு அடங்குகிற ஒரு சின்னக் காயைத் தெரிந்தெடுத்து ஜாக்கெட் பொக்கற்றுக்குள் வைத்தாள். தூக்கித் தரட்டோ என்று நான் கேட்டேன்.

"நோ தாங்யூ, அங்கிள்."

பிறகு சோளக்காடு. பிள்ளைகள் ஓடி விளையாட அதற்குள் வளைந்து வளைந்து பாதை வெட்டியிருந்தார்கள். சோளம் என்னைவிட உயரம். மகள் முன்னால் ஓடினாள், நான் பின்னால் போனேன். இரண்டு வளைவுக்குள் மற்றப் பிள்ளைகளின் சத்தம் நின்றுவிட்டது. காய்ந்த சோளத்தாள்கள் உரசுகிற ஓசை மட்டும் கேட்டது. எனக்கு ஏனோ சுகமாக இருந்தது. இப்படியே இவளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் வெடித்தது.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கண் திறந்தபோது முகம் சேற்றில் கிடந்தது. மகள் எனக்குக் கீழே. அவள் தலையை என் இரண்டு கைகளாலும் மூடியிருந்தேன். அடுத்தது விழுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவளுடைய சின்ன நெஞ்சு என் நெஞ்சுக்குக் கீழே குலுங்கியது. பிள்ளையை அழவைத்துவிட்டேனே என்று பதறி எழும்பினேன். அவள் அழவில்லை. சேறு பூசின முகத்தோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அகேன், அங்கிள்! அகேன்!"

திரும்பவும் வெடித்தது. நான் அசைவதற்குள் அவளே தொப்பென்று குப்புற விழுந்து, தலையைத் திருப்பி, நான் வந்து மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போய் மூடினேன். வேறென்ன செய்ய?

சிரிப்புச் சத்தம் கேட்டு மற்றப் பிள்ளைகளும் சோளத்துக்குள்ளால் ஒவ்வொருவராக வந்தார்கள். அடுத்த வெடிக்கு எல்லாரும் விழுந்தார்கள். பின்னால் ரீச்சரும் தோட்டக்காரரும் ஓடி வந்தார்கள். தோட்டக்காரர் கைகளைச் சிறகு மாதிரி அடித்துக் காட்டினார். பக்கத்துத் தோட்டத்தில் குருவி கலைக்கிற காஸ் வெடியாம். நான் வெட்கத்தோடு எழும்பி நின்றேன். ரீச்சர் என் முகத்தையும், மகளின் தலையில் இன்னும் இருந்த என் கையையும் பார்த்தார். அடுத்த வெடி கேட்டபோது, அந்தப் பெரிய மனுசி நல்ல கோட்டோடு பிள்ளைகளுக்கு நடுவே சேற்றில் முழந்தாளிட்டுத் தலையைக் குனிந்தார். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டு மட்டும்தான்.

திரும்பி வரும்போது மகள் கேட்காமலே என் மடியில் ஏறி நித்திரையானாள். அவள் தலைமயிரில் சோளத்தின் பொன்னிற நார்கள் ஒட்டியிருந்தன. வீடு வரைக்கும் நான் அசையவில்லை.

பின்னேரம் மனைவி வேலையால் வந்து உடுப்புகளைப் பார்த்தாள். "என்ன உது, இவ்வளவு சேறு?"

"டும் எண்டு கேட்டது, அங்கிள் எனக்கு மேல விழுந்தவர்!" என்றாள் மகள் பெருமையாக.

மனைவி என்னைப் பார்த்தாள். குசினிக்குள் போய் உடுப்பை அலசத் தொடங்கினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"வந்த முதல் வருஷம் உவங்கள் ஏதோ கொண்டாட்டத்துக்கு வாணம் விட்டவங்கள்," என்றாள் திரும்பாமலே. "நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ போயிட்டன்."

"எனக்கு நீர் சொல்லவே இல்லையே."

"உங்களுக்கு அங்க உண்மையான ஷெல் விழேக்க, நான் இஞ்ச வாணத்துக்குப் பயந்தன் எண்டு ரெலிபோனில எப்பிடிச் சொல்லுறது?"

அவள் சிரித்தாள். பிறகு நனைந்த கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

பனி கொட்டின அந்த மாரி முழுக்க மகள் வரவேற்பறைக் காப்பெற்றில் விழுந்து விழுந்து என்னைக் கூப்பிட்டாள். கீழ்வீட்டுக்காரர் தங்கள் கூரையைக் கீழிருந்து தட்டுவார்கள். ஒரு நாள் மனைவி மெல்ல என் முழங்கையை இடித்தாள்.

"இப்ப உவள் என்ன சொன்னவள் எண்டு கவனிச்சனீங்களே?"

"பால் கேட்டவள்."

"அதுக்கு முதல்?"

நான் யோசித்துப் பார்த்தேன். மகள் கதவடியில் வெறும் கோப்பையோடு பொறுமை இழந்து நின்றாள். திரும்பவும் கேட்டாள். இந்த முறை இரண்டு சொல்லும் கேட்டது.

"அப்பா, பால்."

நான் அடுப்பை மூட்டினேன்.