தீர்த்தம் குடித்த நிலக்கள்ளி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் யோசித்துவிட்டேன். தாளை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், பேனாவை மூடிவிடுவேன். சுழி மட்டும் போட்ட தாள்கள் அலமாரியில் ஏழெட்டுக் கிடக்கின்றன. பிள்ளையாருக்கே சலித்திருக்கும். போன வாரம் மருமகள் சேலத்திலிருந்து தொட்டியோடு ஒரு முள்செடி வாங்கி வந்தாள். இறக்கும்போது இலை ஒடிந்து வெள்ளையாகப் பால் சொட்டியது. அந்தப் பச்சை நெடி மூக்கில் ஏறியதும், இனித் தள்ளிப்போட வழியில்லை என்று தெரிந்துவிட்டது.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்த காலம். எருமப்பட்டியைத் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். மூத்தவனுக்கு ஒரு வயசு ஆகவில்லை. தாய்ப்பால் போதாமல் பசும்பாலை நம்பி இருந்தான். அந்த நேரம் பார்த்துப் பசு, கன்று போட்ட கையோடு பால் வற்றி நின்றது. கன்று ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் கத்த, நான் கண்ணை மூடி மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, அம்மன் வந்து மடியில கை வெக்குமாக்கும்? போயிப் பாவாயியைக் கேளுங்க" என்றாள் வீட்டுக்காரி.

பாவாயி வெள்ளாடு மேய்ப்பவள். என் வயசுதான் இருக்கும். மலையடியில் ஓர் உசில மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சருகை விலக்கினாள். மாசி மாதம், காய்ந்த தரை. தண்டில்லை, இலையில்லை, மண்ணிலிருந்தே சின்னச் சின்னதாகச் செம்பூக்கள் எட்டிப் பார்த்தன. நிலக்கள்ளி என்றாள்.

"எலையக் காணமே?"

"பூவு மொதல்லீங்க. காய் வெடிச்சு வெதை தெறிச்ச பொறவு, மழைக்குத்தான் எலை வரும். ரெண்டும் மூஞ்சி பாத்துக்காது, மாமியா மருமவ மாதிரி."

பக்கவாட்டில் மண்ணைப் பறித்தாள். முள்ளங்கி போல ஒரு கிழங்கு. விலாவில் ஒரு துண்டு மட்டும் சீவி, வெள்ளையாகப் பால் கசிந்த வெட்டுவாயில் சாம்பலை அப்பி மூடிவிட்டாள். மொத்தமாகப் பிடுங்கினால் என்ன என்றேன்.

"புடுங்கலாங்க சாமி. வார வருசம் என்னத்தப் புடுங்குவீங்க?"

அந்தத் துண்டை அரைத்துத் தவிட்டில் கலந்து பசுவுக்குக் கொடுத்தோம். மூன்றாம் நாள் பால் இறக்கியது. நான் அம்மன் என்றேன், வீட்டுக்காரி பாவாயி என்றாள். செவ்வாய்க்கிழமை கோயிலில் என் வாய் சும்மா இருக்குமா? பூ, மரம், போகிற தடம் எல்லாம் கூட்டம் கூட்டிச் சொன்னேன். துண்டு சீவி மூடும் சங்கதியை மட்டும் விட்டுவிட்டேன். சின்ன விஷயம்தானே என்று நினைப்பு. எட்டே நாளில் அந்தச் சரிவு பன்றி உழுத மாதிரி ஆகிவிட்டது.

பாவாயி முந்தானையில் மூன்று கிழங்கோடு வந்தாள். "இவ்வளவுதான் மிச்சமுங்க. கெடுத்தவரே வளத்துக் குடுங்க. கல்லு மண்ணு, மரத்து நெழலு. மழை எறங்குற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது."

வேப்பமரத்தடியில் நட்டேன். தண்ணீர் காட்டவில்லை, சத்தியம். ஆனால் தினமும் பூஜை முடிந்ததும் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்த தீர்த்தத்தை மூன்றுக்கும் பங்கு வைத்து ஊற்றினேன். தீர்த்தம் தண்ணீரில் சேருமா?

"கெழங்குக்கு அது தீர்த்தம்னு தெரியுமாங்க?" என்று வீட்டுக்காரி சிரித்தாள். உனக்குப் பக்தி போதாது என்று சொல்லிவிட்டேன்.

வைகாசியில் நல்ல மழை. சுற்றிலும் புல்லெல்லாம் முளைத்தது. வேப்பமரத்தடியில் இலை வரவில்லை. தோண்டினால் மூன்றும் கூழ். அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. பாவாயி வந்து எட்டிப் பார்த்தாள். "தீர்த்தத்துலயே போச்சுங்களா? புண்ணியம் பண்ணின கெழங்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன்பின் எத்தனையோ மாசியில் அந்த மரத்தடிச் சருகை விலக்கிப் பார்த்தேன். காய் வெடிக்கும் முன்பே பிடுங்கிய இடத்தில் விதை ஏது? இப்போது உசில மரமும் இல்லை. சரிவு முழுக்க மரவள்ளி. ஒடித்தால் அதிலும் பால்தான் வருகிறது.

ஊரில் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். பச்சைப்பிள்ளை பசிக்காக அம்மன் ஒரு வேரைக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டாளாம். அந்தப் பிள்ளையே, என் மகனே, தன் பேரனுக்கு அப்படித்தான் சொல்கிறான். படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்: யாரிடம் சொன்னாலும் நான் எழுதினபடியே சொல்லுங்கள். அம்மன் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் தோண்டியது, நான் காட்டிக்கொடுத்தேன், மிச்சத்தை அழுக வைத்தேன். அவள் செய்யாததை அவள் தலையில் ஏற்றிவிட்டு, செவ்வாய்க்கிழமை எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பேன்?